10⁶, 106 ஆன பக்கம்

எங்கள் நிறுவனத்தின் இணையதளத்தைப் புதிய சிஎம்எஸ்ஸுக்கு, அதாவது பக்கங்களை எழுதி, சேமித்து, வெளியிட உதவும் மென்பொருளுக்கு, மாற்றப் போகிறோம். திட்டமிடும் குழுவில் என்னையும் சேர்த்திருக்கிறார்கள். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. கடல் ஆய்வு அறிக்கைகளுக்குப் பிழை திருத்துவதுதான் இத்தனை வருடமாக என் வேலை. முதல் கூட்டத்தில் முக்கால்வாசி நேரம் எந்த சிஎம்எஸ், வேர்ட்பிரஸா ட்ரூபலா என்ற பேச்சிலேயே போனது. இப்போது இருக்கும் பக்கங்களை எல்லாம் ஒரு எக்செல் தாளில் பட்டியல் போடும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. நுண்பாசிப் பெருக்கம் பற்றிய பழைய அறிக்கை. ஒரு லிட்டர் கடல்நீரில் 106 செல்கள் என்று போட்டிருந்தது. கடலின் நிறமே மாறிப்போயிருந்ததாக அதற்கு முந்தைய வரி சொல்கிறது. நூற்றாறு செல்லுக்குக் கடல் நிறம் மாறுமா? மூலக் கோப்பைத் தேடி எடுத்தேன். அதில் 10⁶ என்று இருந்தது. பத்து லட்சம்! முன்பு ஒருமுறை தளத்தை மாற்றியபோது, வேர்டிலிருந்து ஒட்டிய பத்திகளில் அடுக்கெண்ணுக்கான குறியீட்டை எடிட்டர் நீக்கிவிட்டிருக்கிறது. மேலே இருந்த 6 கீழே இறங்கிப் பத்தோடு சேர்ந்துகொண்டது. பார்க்க ஒழுங்கான எண்ணாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

எழுதிய மூத்த விஞ்ஞானியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இத யாராவது எடுத்து அவங்க கட்டுரையில போட்டிருந்தா என்னம்மா பண்றது?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மென்பொருள் பிரிவில் இருக்கும் தம்பி அன்று மாலையே, இதேபோல் அடுக்கு இழந்திருக்கக்கூடிய எண்களைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரே நாளில் பார்த்து முடிக்கிற பட்டியல் இல்லை அது. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகுதான் கூட்டத்தில் வாய் திறந்தேன். அளவீடு என்பது பத்திக்குள் கிடக்கிற நாலு எழுத்தாக இருக்கக் கூடாது. எண் ஒரு புலம் (தனியாக நிரப்பும் கட்டம்), அலகு ஒரு புலம், பிழை வரம்பு ஒரு புலம், எந்தப் பயணத்தில் எந்த நிலையத்தில் எந்தத் தேதியில் எடுத்தது என்பதற்குத் தனித்தனிப் புலங்கள். பக்கம் அவற்றை எடுத்துக் காட்டினால் போதும். அப்படி வைத்தால் ஓரிடத்தில் திருத்தும்போது அந்த எண் வருகிற எல்லாப் பக்கங்களிலும் திருந்திவிடும். அடுத்த மாற்றத்தின்போதும் எண்களை அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம். அடுத்த மாற்றம் நிச்சயம் வரும். ட்ரூபல் 7 வெளிவந்தது 2011 ஜனவரியில், அதற்கான ஆதரவு முடிந்தது 2025 ஜனவரியில். நாசாவே 2023-இல் தன் முதன்மைத் தளத்தை ட்ரூபலிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாற்றியது. மென்பொருளின் ஆயுள் பத்துப் பதினைந்து வருடம். கடலில் எடுத்த அளவுக்கு ஆயுள் அதைவிட அதிகம். அன்றைய கடலுக்கு மறுபடி போய் அளக்க முடியாது.

இன்னொன்றும் கேட்டிருக்கிறேன். அச்சு இதழ்களில் பிழை நேர்ந்தால் அடுத்த இதழில் திருத்தம் போடுவார்கள். இணையத்தில் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போய்விடலாம். பொதுப்பணத்தில் நடக்கும் அறிவியல் நிறுவனம் அப்படிச் செய்வது எனக்குச் சம்மதம் இல்லை. வெளியிட்ட தேதி, திருத்திய தேதி இரண்டும் தெரிய வேண்டும். எதை, ஏன் திருத்தினோம் என்று ஒரு வரி வேண்டும். பழைய பதிப்பையும் திறந்து பார்க்க முடிய வேண்டும். பெரும்பாலான சிஎம்எஸ்களில் பழைய பதிப்புகள் உள்ளே சேமிப்பில் இருக்கத்தான் செய்கின்றன. அதைப் படிப்பவருக்கும் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

பக்க முகவரி பற்றியும் பேசினோம். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரிகள் மாறக் கூடாது என்று 1998-லேயே எழுதிவிட்டார். முகவரிக்குள் மென்பொருளின் பெயரோ பிரிவின் பெயரோ இருந்தால், அது மாறும்போது முகவரியும் மாறும். ஆகவே அவை வேண்டாம் என்று முடிவாயிற்று. ஏற்கெனவே இருக்கிற ஒவ்வொரு முகவரியும், 'நிரந்தரமாக இடம் மாறியது' என்று உலாவிக்குச் சொல்லும் 301 குறியீடு வழியாகப் புதிய இடத்துக்குப் போக வேண்டும். வேண்டுமென்றே எடுத்த பக்கம் 410, அதாவது 'நீக்கப்பட்டது', என்று சொல்ல வேண்டும். யாரோ ஒரு மாணவர் தன் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் எங்கள் இணைப்பைக் கொடுத்திருப்பார். அவருக்கு 404, அதாவது 'பக்கம் கிடைக்கவில்லை', என்று காட்டினால் அவருடைய ஆதாரமே போய்விடும்.

ஒப்புதல் வரிசையில்தான் கருத்து வேறுபாடு. எல்லாவற்றுக்கும் ஐந்து பேர் கையெழுத்து என்றார்கள். அப்படி வைத்தால் அவசர அறிவிப்பை மின்னஞ்சலில் பிடிஎஃப்பாக அனுப்பிவிட்டுத் தளத்தில் நாளைக்குப் போடுவார்கள். எச்சரிக்கைக்கு ஒருவர் எழுத, ஒருவர் சரிபார்க்கட்டும். ஆய்வறிக்கைக்கு நீண்ட வழி இருக்கட்டும். இது இன்னும் முடிவாகவில்லை.

நேற்று ஒரு சோதனைப் பக்கம் எழுதி முடித்தேன். அதில் 10⁶, 10⁻³, ±0.02, 35‰, மைக்ரோ குறி, கீழெழுத்தோடு ஒரு வேதி வாய்பாடு, இரண்டு பத்தி நீள அட்டவணை எல்லாம் இருக்கின்றன. எந்த நிறுவனம் தன் சிஎம்எஸ்ஸைக் காட்ட வந்தாலும் முதலில் இதை எங்கள் கண் முன்னால் ஏற்றி, சேமித்து, வெளியே எடுத்து, மறுபடி ஏற்றிக் காட்ட வேண்டும். முகப்புப் பக்கத்தின் அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.