சர்க்கரை நோயும் ஒரு துண்டு சாக்லேட்டும்

சர்க்கரை நோய் வந்துவிட்டால் சாக்லேட்டை அடியோடு மறந்துவிட வேண்டும் என்று உறவினர்கள் சொல்லும்போதெல்லாம், அளவும் நேரமும் அறிந்து உண்பவருக்கு அந்தத் தடை தேவையில்லை என்றே நான் பதில் சொல்கிறேன். 70 சதவீதம் கோகோ உள்ள கறுப்புச் சாக்லேட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை இருக்கும். பால் சாக்லேட்டில் அது பெரும்பாலும் 50 கிராமைத் தொட்டுவிடும். ஆகவே 10 கிராம் கறுப்புத் துண்டு ஒன்றில் சேர்வது சுமார் 3 கிராம் சர்க்கரைதான். அதை வெறும் வயிற்றில் உண்ணாமல், சோற்றைக் குறைத்துக் காய்கறியும் பருப்பும் கூட்டிய மதிய உணவுக்குப் பின், மெல்லாமல் நாக்கில் வைத்துக் கரையவிடுகிறேன். முதலில் கசப்பும், பிறகு லேசான புளிப்பும், கடைசியில் இனிப்பும் தெரியும். இரண்டு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வதும் உண்டு.

'சர்க்கரை சேர்க்காதது' என்று உறையில் அச்சிட்டிருப்பதை நம்பி முழுக் கட்டியையும் தின்பவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. அவற்றுள் பலவற்றில் சேர்க்கப்படும் மால்டிட்டால் என்ற மாற்று இனிப்பு ரத்தச் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், மிகுந்தால் வயிற்றையும் கலக்கும். ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிக் கை நடுங்கும் வேளையிலும் சாக்லேட்டை நாடக் கூடாது. அதிலுள்ள கொழுப்பானது சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும் என்பதால், அப்போது குளுக்கோஸ் தண்ணீரோ பழச்சாறோதான் உதவும்.