மோர்கம் அண்ட் லூன்ஸ்டேல்: ஓட்டர் லிஸ்ட்ல இல்லாதவங்களோட தொகுதி

இங்கிலாந்தோட வடமேற்குல, லங்காஷயர் கடலோரத்துல இருக்கிற தொகுதி மோர்கம் அண்ட் லூன்ஸ்டேல். எலெக்‌ஷன் வந்தா டிவிக்காரங்க பீச் ரோட்டுல இருக்கிற காமெடி நடிகர் எரிக் மோர்கம் சிலை முன்னாடி நின்னு, ஒரு காலத்துல ஓஹோன்னு இருந்த ஊரு இப்போ நொடிஞ்சு கிடக்குன்னு ரெண்டு வரி சொல்லிட்டுப் போயிடுவாங்க. இந்தப் பக்கம் குடியிருக்கிறவன்ங்கிற முறையில எனக்கு அது பத்தல. இந்தத் தொகுதியப் புரிஞ்சுக்கணும்னா இங்க பொழைக்க வந்து, இங்கயே செத்து, ஓட்டர் லிஸ்ட்ல பேரே ஏறாதவங்களையும் சேர்த்துப் பாக்கணும்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல ஊர் எப்படின்னு சொல்லிடறேன். 1983ல உருவான தொகுதி, 2024ல எல்லைய மாத்தி வடக்கே கிர்பி லான்ஸ்டேல், செட்பர் எல்லாம் உள்ள கொண்டுவந்துட்டாங்க. அதனால ஒரு பக்கம் லூன் ஆத்துப் பள்ளத்தாக்குல ஆடு மாடு வச்சிருக்கிற விவசாயிங்க, இன்னொரு பக்கம் ஹீஷம்ல ரெண்டு அணு மின் நிலையம், அதை ஒட்டியே அயர்லாந்துக்கும் ஐல் ஆஃப் மேனுக்கும் கப்பல் போற துறைமுகம், நடுவுல மோர்கம் டவுன். ஆட்டு விலையப் பத்திப் பேசற ஆளும் ரியாக்டர்ல ஷிஃப்ட் பாக்குற ஆளும் ஒரே எம்பிக்குத்தான் லெட்டர் எழுதணும். 1997 வரைக்கும் கன்சர்வேட்டிவ், அப்புறம் லேபர்ல ஜெரால்டின் ஸ்மித், 2010ல டேவிட் மாரிஸ் வெறும் 866 ஓட்டு வித்தியாசத்துல திரும்ப கன்சர்வேட்டிவுக்கு எடுத்தாரு, 2024ல லேபரோட லிஸ்ஸி காலிஞ்ஜ் ஜெயிச்சாங்க. எந்தக் கட்சியும் இது நம்ம கோட்டைன்னு மெத்தனமா உக்கார முடியாத சீட்டு.

டவுன் வளந்ததே வெளியூர் ஜனங்களாலதான். ரயில் வந்ததும் யார்க்‌ஷயர் பக்கம் பிராட்ஃபர்ட், லீட்ஸ் மில்லுல வேலை பாத்த குடும்பங்க லீவுக்கு இங்க வந்து இறங்க ஆரம்பிச்சாங்க, எவ்ளோ பேருன்னா இந்த ஊருக்கு கடலோர பிராட்ஃபர்ட்னே பட்டப்பேர் விழுந்துச்சு. 1897ல விண்டர் கார்டன்ஸ் தியேட்டர், 1933ல வெள்ளை வெளேர்னு மிட்லண்ட் ஹோட்டல். அப்புறம் ஜனங்க ஃபிளைட் ஏறி ஸ்பெயினுக்குப் போகப் பழகிட்டாங்க, 1977ல விண்டர் கார்டன்ஸ மூடிட்டாங்க, வெஸ்ட் எண்ட்ல வரிசையா இருந்த லாட்ஜ் வீடெல்லாம் ஒத்த ரூம் வாடகைக்குப் போச்சு. மிட்லண்ட 2008ல சரிபண்ணித் திறந்தாங்க. அதுக்குப் பக்கத்துலயே ஈடன் ப்ராஜெக்ட்ங்கிற பெரிய சுற்றுலா இடம் வரப்போகுதுன்னு 2023 ஜனவரில அரசாங்கம் 5 கோடி பவுண்ட் ஒதுக்குச்சு, இங்க எல்லார் நம்பிக்கையும் இப்போ அது மேலதான். இந்தக் கதை நிறைய பேர் சொன்னதுதான், நான் சொல்ல வந்தது வேற.

ஹீஷமுக்குத் தெக்கே ஓவர்டன் கிராமத்துலேர்ந்து சேத்து வழியா ஒத்தையடி ரோடு ஒண்ணு போகும், சண்டர்லண்ட் பாயின்டுக்கு. கடல் ஏறுனா ரோடு தண்ணிக்குள்ள போயிடும், அந்த நேரம் உள்ள இருக்கிறவங்க உள்ளயேதான். 18ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல லங்காஸ்டர் வியாபாரிங்களோட கப்பல் வந்து நின்ன இடம் அது, அடிமை வியாபாரத்துல இங்கிலாந்துலயே நாலாவது பெரிய துறைமுகம் லங்காஸ்டர். 1736 வாக்குல ஒரு கப்பல் கேப்டனோட வந்த ஒரு கறுப்பினப் பையன் இங்க செத்துப்போனான், ஞானஸ்நானம் வாங்காதவன்னு சர்ச் மண்ணுல இடம் குடுக்கல, ஊருக்கு அந்தப் பக்கம் கடலப் பாத்த வயல் ஓரத்துல புதைச்சாங்க. 60 வருஷம் கழிச்சுதான் காசு வசூல் பண்ணி ஒரு கல்வெட்டு வச்சாங்க. சாம்போ கிரேவ்னு போர்டுல இருக்கும், சாம்போங்கிறது கறுப்பினத்தவங்களுக்கு வெள்ளைக்காரங்க பொதுவா வச்ச பேரு, அது அவன் அப்பா அம்மா வச்ச பேரா இருக்க வாய்ப்பே இல்ல. இன்னைக்குப் போனா சமாதிய சுத்தி சின்னப் பசங்க பெயின்ட் அடிச்சு வச்ச கூழாங்கல்லு கிடக்கும், பூ, இதயம், சிரிக்கிற முகம்னு, மழைல கலர் போயி திட்டுத் திட்டா இருக்கும், அது மேலயே புதுசா வேற யாராவது வச்சுட்டுப் போயிருப்பாங்க. ஓட்டுங்கிற பேச்சே இல்லாத காலத்து ஆளு, இருந்தாலும் இந்தத் தொகுதிக்காரன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அவன்தான்.

அடுத்தது 2004 பிப்ரவரி 5. மோர்கம் விரிகுடாவுல தண்ணி இறங்குனா கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் மணல்தான், ஏறும்போதும் இறங்கும்போதும் கடல் மட்டம் 10 மீட்டர் வரைக்கும் வித்தியாசப்படும். தண்ணி முன்னாடிலேர்ந்து மட்டும் வராது, மணலுக்கு நடுவுல இருக்கிற வாய்க்கால் வழியா பின்பக்கம் சுத்தி வந்து திரும்பற வழிய அடைச்சுடும், அந்த வாய்க்காலும் ஒரே இடத்துல இருக்காது, மாறிக்கிட்டே இருக்கும், போதாக்குறைக்குப் புதைமணல் வேற. உள்ளூர்ல பரம்பரையா மட்டி எடுக்கிறவங்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஜம்போன்னு ரெண்டு கைப்பிடி வச்ச பலகைய மணல் மேல போட்டு முன்னும் பின்னும் ஆட்டுவாங்க, மணல் இளகி காக்கிள் மட்டி மேல வரும், அத வாரி சல்லடைல சலிச்சு, சின்னத மணல்லயே விட்டுட்டு பெருச மூட்டை கட்டுவாங்க. முதுகு ஒடியற வேலை.

அன்னைக்கு இருட்டுனதுக்கு அப்புறமும் அங்க வேலை பாத்தது சீனாவுலேர்ந்து வந்த ஆளுங்க, பெரும்பாலும் ஃபூஜியன் மாகாணம், ஏஜென்டுக்குக் கடன் வச்சுட்டு வந்தவங்க, பேப்பர் கிடையாது, இங்கிலீஷ் தெரியாது. 25 கிலோ மூட்டைக்கு 5 பவுண்டுன்னு கூலி. கரைக்குத் திரும்பிட்டிருந்த உள்ளூர் ஆளுங்க டைம் ஆச்சுன்னு வாட்சத் தட்டித் தட்டிக் காட்டியிருக்காங்க, அது அவங்களுக்குப் புரிஞ்சதோ, புரிஞ்சும் கிளம்ப முடியாத நிலைமையோ. குறைஞ்சது 21 பேர் செத்தாங்க, அப்போ உடல் கிடைக்காதவங்களையும் சேத்தா 23. கூட்டிட்டு வந்த கங்காணிக்கு 2006ல 14 வருஷம் தண்டனை. கங்காணிங்கிற சொல்ல யோசிச்சுதான் போடறேன், இலங்கைத் தோட்டத்துக்கும் மலேயாவுக்கும் நம்ம ஜனங்களக் கூட்டிட்டுப் போனதும் இதே ஏற்பாடுதான், கடன், முன்பணம், நடுவுல ஒரு ஆளு. அதனாலயே இந்த செய்திய வேற யாருக்கோ நடந்ததா என்னால படிக்க முடியல.

அப்போ பார்லிமென்டுல ஜிம் ஷெரிடன்னு ஒரு ஸ்காட்லாந்து எம்பி ஏற்கனவே ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்திருந்தாரு, கூலிக்கு ஆள் பிடிச்சுக் குடுக்கிற ஏஜென்டு லைசென்ஸ் எடுத்தே ஆகணும்னு. இந்த சாவுங்களுக்கு அப்புறம்தான் அதுக்கு வேகம் வந்துச்சு, அதே வருஷம் ஜூலைல சட்டமாச்சு. ஒரு ஓட்டு கூட இல்லாத 23 பேரால நாட்டோட சட்டம் மாறுனது. ஆனா உசிரு போனாத்தான் மாறணுமா?

அந்த லைசென்ஸ் விவசாயம், மட்டி எடுக்கிறது, சாப்பாட்டுப் பொருள் பேக்கிங் மாதிரி வேலைக்குத்தான் செல்லும். கேர் ஹோம் வேலைக்குக் கிடையாது. நாட்டுல கடந்த சில வருஷமா லட்சக்கணக்குல பணம் கட்டி கேர் விசாவுல வந்தவங்க எத்தன பேரு, நம்ம ஊர்லேர்ந்தும் கேரளாலேர்ந்தும் எத்தன பேரு. ஸ்பான்சர் கம்பெனி கைவிட்டுட்டா பொதுவா 60 நாள்ல வேற ஸ்பான்சர் தேடணும், இல்லன்னா கிளம்பணும். 2025 ஜூலைலேர்ந்து வெளிநாட்டுலேர்ந்து புதுசா கேர் வொர்க்கர் எடுக்கிறத நிறுத்திட்டாங்க, சரி, ஏற்கனவே வந்து கடன்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு? மணலும் கடலும் இல்லையே தவிர, கடனும் பயமும் அதேதான்.

நல்ல விஷயமும் இருக்கு, சொல்லாம விடக்கூடாது. 2025ல மோர்கம் ஃபுட்பால் கிளப் காசில்லாம மூடுற நிலைமைக்கு வந்துச்சு, நேஷனல் லீக் சஸ்பெண்டே பண்ணிடுச்சு. ஆகஸ்ட்ல பஞ்சாப் வாரியர்ஸ்னு ஒரு குரூப் வாங்கிக் காப்பாத்துனாங்க, அஷ்வீர் சிங் ஜோஹால்னு 30 வயசு சீக்கியர மேனேஜரா போட்டாங்க, பிரிட்டன் ப்ரொஃபெஷனல் கிளப்புல முதல் சீக்கிய மேனேஜர் அவருதான். பெரும்பாலும் வெள்ளைக்காரங்க வாழற ஒரு சின்ன கடலோர ஊரு அது. கிளப் பொழைச்சுதேன்னு ஊரே கொண்டாடுனத நெனச்சா எனக்கு இப்பவும் மனசு நிறைஞ்சு போகுது.

இப்போ நம்ம ஆளுங்களுக்கு. அந்த சீனாக்காரங்களுக்கு இல்லாத ஒண்ணு நமக்கு இருக்கு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த், அதனால பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், செல்லுபடியாகுற விசாவுல இங்க குடியிருந்து வயசு 18 ஆயிருந்தா பார்லிமென்ட் எலெக்‌ஷன்லயே ஓட்டுப் போடலாம். கேர் விசாவுல இருக்கிறவங்களும்தான். இது தெரியாம வருஷக்கணக்கா இருக்கிறவங்கள நான் நிறைய பாக்குறேன், 866 ஓட்டுல முடிவான தொகுதில இருந்துக்கிட்டு. ஆன்லைன்ல ரிஜிஸ்டர் பண்ணுங்க, நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் கையில இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. ஓட்டு கேட்டு வீட்டுக் கதவத் தட்டுற எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும், கேர் வேலைக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்டுக்கும் லைசென்ஸ் கொண்டுவருவீங்களான்னு கேளுங்க. பூத்துக்குப் போகும்போது போட்டோ ஐடி காட்டணும், அதுக்கு உங்க இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டே போதும்.