அமெரிக்க அரசு மூடினாலும் ஐஸ் மூடாது

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும், அமெரிக்காவில் பிள்ளை இருக்கிற வீடுகளில் ஒரு கதை திரும்பத் திரும்பக் கேட்கிறது. "அங்க பட்ஜெட் பாஸ் ஆகேல்லையாம், கவர்ன்மென்ட் மூடப்போகுதாம், இனிக் கொஞ்ச நாளைக்குப் பிடிக்க மாட்டாங்கள்." இது பிழை. இதை நம்பித் தவணைக்குப் போகாமல் விட்டால் வழக்கே போய்விடும். 2025 ஒக்டோபர் 1 தொடக்கம் நவம்பர் 12 வரை 43 நாட்கள் அமெரிக்க அரசு மூடிக் கிடந்தது. அந்த நாட்களிலும் ஐஸ் எனப்படும் குடிவரவுச் சுங்க அமலாக்கப் பிரிவு ஆட்களைப் பிடித்தது, தடுத்து வைத்தது, விமானம் ஏற்றியது.

காரணம் பணம் வந்த வழி. நம்முடைய பாராளுமன்றத்தில் ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுச் சட்டமூலம் வருவதுபோல அங்கும் ஆண்டு ஒதுக்கீடு உண்டு. அது மேல் சபையான செனட்டில் தடையில்லாமல் போக 100 பேரில் 60 பேர் வேண்டும். எதிர்க்கட்சி மறித்தால் அரசு மூடும். ஆனால் ஐஸுக்குப் பெருந்தொகை ஒதுக்கிய ட்ரம்பின் 'ஒன் பிக் பியூட்டிஃபுல் பில்' என்ற சட்டமூலம் வேறு வழியால் போனது. 'ரீகன்சிலியேஷன்' என்ற அந்த முறையில் சாதாரணப் பெரும்பான்மை போதும். 2025 ஜூலை 1 செனட்டில் 50க்கு 50 என்று நின்றதை உப ஜனாதிபதி வான்ஸின் வாக்கு 51 ஆக்கியது. ஜூலை 3 கீழ்ச் சபையில் 218க்கு 214. அடுத்த நாள் ஜனாதிபதி ட்ரம்ப் கையெழுத்திட்டார். அதில் ஐஸுக்குக் கொடுத்த பணம் 2029 செப்டெம்பர் 30 வரை செல்லும். இடையில் எத்தனை தரம் ஆண்டு ஒதுக்கீடு இழுபட்டாலும் அந்தப் பெட்டி திறந்தேதான் இருக்கும்.

தொகையைப் பார்த்தால், இந்தச் சட்டத்தை எதிர்த்து அங்கு வீதியில் இறங்கிய மக்களின் கோபம் விளங்கும். முன்பு ஐஸின் ஆண்டுச் செலவு ஏறத்தாழ 10 பில்லியன் டொலர். இந்தச் சட்டம் அதற்கு மேலே ஏறத்தாழ 75 பில்லியனைக் கொடுத்தது. 45 பில்லியன் தடுப்பு முகாம்களுக்கு, ஏறத்தாழ 30 பில்லியன் பிடிப்பதற்கும் அனுப்புவதற்கும். எல்லைச் சுவருக்குத் தனியாக 46.5 பில்லியன். 2018 டிசம்பரில் இதே சுவருக்கு ட்ரம்ப் 5.7 பில்லியன் கேட்டு, அவர்களின் பாராளுமன்றமான காங்கிரஸ் கொடுக்க மறுத்து, 35 நாள் அரசு மூடியது ஞாபகம் இருக்கலாம். அதே சட்டம் ஏழைகளின் மருத்துவக் காப்புறுதியான மெடிக்கெய்டை வெட்டியது. 2034 அளவில் 10 மில்லியன் பேர் காப்புறுதி இழப்பார்கள் என்று காங்கிரஸின் சொந்த வரவு செலவு அலுவலகமே கணக்கிட்டது. ஆளும் கட்சியிலேயே டொம் டிலிஸ், சூசன் கொலின்ஸ், ராண்ட் போல் மூவரும் செனட்டில் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆஸ்பத்திரிக் காசை எடுத்துக் கம்பிக்கூடு கட்டுகிறீர்களா என்று வீதியில் இறங்கிய சனம் கேட்டது நியாயமான கேள்வி.

எனக்கு அதைவிட உறுத்துவது வேறொரு இலக்கம். குடிவரவு வழக்குகளும் அவற்றின் நீதிபதிகளும் அடங்கிய நீதித் திணைக்களப் பங்குக்கு ஏறத்தாழ 3.3 பில்லியன்தான். 2028 நவம்பருக்குப் பிறகு குடிவரவு நீதிபதிகள் 800 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று உச்சவரம்பு வேறு. 30 இலட்சத்துக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கிற இடம் அது. அடைப்பதற்கு 45, கேட்பதற்கு 3.3. இந்த ஒரு கணக்கில் சட்டத்தின் மனசு தெரிகிறது. ஆளின் கதையைக் கேட்டு முடிவெடுக்க அவர்கள் ஆயத்தமில்லை, உள்ளே வைத்துக் களைக்கப் பண்ணி, "நான் திரும்பிப் போறன்" என்று கையெழுத்து வைக்கச் செய்யத்தான் ஆயத்தம்.

கேட்கச் சொல்லி வருகிறவனிடமே காசும் அறவிடுகிறார்கள். முன்பு தஞ்சக் கோரிக்கைக்குக் கட்டணம் இல்லை. இப்போது கோரிக்கைக்கு 100 டொலர், அது தீராமல் கிடக்கிற ஒவ்வொரு ஆண்டுக்கும் இன்னொரு 100. முதல் வேர்க் பெர்மிட்டுக்கு 550, புதுப்பிக்க 275. இவை 2025இல் சட்டத்தில் எழுதிய தொகைகள், விலைவாசியோடு ஆண்டுதோறும் ஏறும். வருமானம் இல்லை என்று கட்டண விலக்குக் கேட்கவும் முடியாது. ஆண்டுக் கட்டணத்தை எதிர்த்து வழக்கும் போனது. ஆகவே இப்போது கட்டவேண்டுமா என்பதை அந்த வாரம் லோயரிடம் கேட்டே செய்யவேண்டும். அறிவித்தல் கிடைத்தால் கட்ட 30 நாள்தான் தருவார்கள். வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பி "இதில கட்டுங்கோ" என்பவன் கள்ளன். அரச இணையத்தளத்தைத் தவிர வேறெங்கும் கட்டக்கூடாது.

தவணைக்குப் போகாமல் விட்டு, ஆள் இல்லாமலே நாடுகடத்தல் உத்தரவு விழுந்து, பிறகு பிடிபட்டால் சட்டத்தில் எழுதிய கட்டணம் 5,000 டொலர், அதுவும் ஆண்டுதோறும் ஏறும். தவணை தவறுவதற்குப் பயம் மட்டும் காரணமில்லை, விலாசமும் ஒரு காரணம். நியூ ஜேர்சியில் இருந்த பொடியன் வேலைக்காக வேறு மாநிலத்துக்கு மாறியிருப்பான், கடிதம் பழைய வீட்டுக்கே போகும். விலாசம் மாறினால் இரண்டு இடத்துக்கு அறிவிக்கவேண்டும்: குடிவரவு நீதிமன்றத்துக்கு 5 நாளுக்குள், குடிவரவுச் சேவைத் திணைக்களத்துக்கு 10 நாளுக்குள். ஒன்றுக்கு அறிவித்தால் மற்றது தானாக அறியாது. பலர் விழுகிற குழி இதுதான்.

காசு அனுப்புகிறதிலும் இந்தச் சட்டம் கை வைத்தது. 2026 ஜனவரி 1 முதல், காசாகவோ மணி ஓடராகவோ கஷியர் செக்காகவோ கொடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பினால் 1 வீத வரி. 500 டொலருக்கு 5 டொலர். முதலில் 5 வீதம் என்று எழுதியிருந்தார்கள், பிறகு 3.5, கடைசியில் 1. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்தோ, அங்கு வழங்கிய டெபிட், கிரெடிட் கார்ட்டிலிருந்தோ அனுப்பினால் வரி இல்லை. பிரஜைக்கும் விசாக்காரனுக்கும் ஒரே விதிதான். கையில் சம்பளம் வாங்கி, கணக்குத் திறக்க வழியில்லாதவன்தான் இதைக் கட்டப்போகிறான். அவனை உண்டியல்காரனிடம் தள்ளுகிற வரி இது.

இனி, ஒருவர் பிடிபட்டால் கொழும்பிலிருந்து என்ன செய்யலாம் என்பது. முதலில் ஆள் எங்கே என்று தேடவேண்டும். ஐஸின் ஒன்லைன் தேடலுக்கு ஏ நம்பரும் (குடிவரவு அதிகாரிகள் ஆளுக்குக் கொடுக்கிற கோப்பு இலக்கம்) பிறந்த நாடும் போதும். ஏ நம்பர் 9 இலக்கம். பழைய கடிதத்தில் 8 இருந்தால் முன்னால் ஒரு சைபர் போடவேண்டும். நம்பர் இல்லாமல் பெயரால் தேடினால் நம்முடைய பெயர்கள் சிக்கலாகும். கந்தையா மகன் சிவகுமார் என்றால், கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடத்தில் கந்தையா இருக்கலாம், சிவகுமார் இருக்கலாம், இரண்டும் ஒரே வரியில் ஒட்டியும் இருக்கலாம். முதற்பெயர் வெறுமையாக இருந்தால் 'முதற்பெயர் தெரியாது' என்பதற்கு எஃப்.என்.யூ. (FNU) என்று மூன்று எழுத்தைப் போட்டுவிடுவார்கள். தேடல் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தினால்தான் ஆளைக் காட்டும். ஆகவே பெயரை மாற்றிப் போடுங்கள், தகப்பன் பெயரை முன்னுக்குப் போடுங்கள், எஃப்.என்.யூ. போட்டும் பாருங்கள். எல்லைக் காவலிடம் இருந்தால் 48 மணித்தியாலம் வரை பெயர் வராமலும் போகலாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களை இந்தத் தேடல் காட்டாது.

அடுத்தது லோயர். குடிவரவு நீதிமன்றத்தில் அரசு லோயர் பிடித்துத் தராது. முதல் நாளே பிடிக்கவேண்டும். ஏனென்றால் ஆட்கொணர்வு மனுவை, தாக்கல் செய்யும் நேரத்தில் ஆள் எந்த மாவட்டத்தில் இருக்கிறாரோ அங்குதான் போடவேண்டும். நியூயோர்க்கில் பிடித்தவரை ஓரிரு நாளில் லூசியானாவுக்கோ டெக்சாஸுக்கோ ஏற்றிவிடுவது வழக்கம். மனு போட்ட பிறகு மாற்றினால் முதல் நீதிமன்றமே வழக்கைத் தொடரும். போட முதல் மாற்றினால் புது இடத்தில், புது லோயரோடு தொடங்கவேண்டும்.

பிணை விஷயத்தில் அவசரப்படக்கூடாது. மெக்சிகோ எல்லையால் அனுமதியின்றி உள்ளே போனவர்களுக்குப் பிணை கொடுக்கும் அதிகாரம் குடிவரவு நீதிபதிக்கு இல்லை என்று 2025 செப்டெம்பரில் குடிவரவு மேன்முறையீட்டுச் சபை தீர்த்தது. நம்முடைய ஆட்களிலும் அந்த வழியால் போனவர்கள் இருக்கிறார்கள். கூட்டாட்சி நீதிபதிகள் பலர் அதை ஏற்கவில்லை, ஆனால் எல்லா நீதிமன்றமும் ஒரேமாதிரித் தீர்க்கவில்லை. ஆகவே பிணை கிடைக்குமா என்று லோயர் சொல்ல முதல் நகையை அடகு வைக்காதீர்கள். பிணைக்காசை இங்கிருந்து நேரே கட்டவும் முடியாது. அங்கு சட்டப்படி இருக்கிற ஒருவர் தன் பெயரில் கட்டவேண்டும், வழக்கு முடிந்து காசு திரும்பினாலும் அவரிடமே திரும்பும். யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுங்கள்.

2020 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விரைவு நாடுகடத்தலில் ஆட்கொணர்வு மனுவின் எல்லையைச் சுருக்கியபோது, அந்த வழக்கின் மனுதாரர் ஓர் இலங்கைத் தமிழர். எல்லையிலிருந்து 25 யார் தூரத்தில் பிடிபட்டவர். இந்தச் சட்டங்கள் நமக்குத் தூரத்துச் செய்தி இல்லை.

கொழும்பில் குடும்பத்தின் வேலை பத்திரம் சேர்ப்பது. பிறப்பு, மரணச் சான்றிதழ்கள், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவில் கொடுத்த முறைப்பாட்டின் இலக்கம், தடுப்பில் இருந்திருந்தால் செஞ்சிலுவைச் சங்கக் கடிதம் அல்லது புனர்வாழ்வு விடுதலைப் பத்திரம். தமிழிலோ சிங்களத்திலோ இருக்கிற ஒவ்வொன்றுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்புச் சரி என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திட்ட தாள் இல்லாவிட்டால் நீதிமன்றம் ஏற்காது. இங்குள்ள சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை மட்டும் போதாது, அந்த வாக்கியங்களையும் எழுதித்தரச் சொல்லவேண்டும். மூலத்தில் இருக்கிற முத்திரையையும் ஓரத்துக் கையெழுத்தையும்கூட 'இங்கே முத்திரை உள்ளது' என்று மொழிபெயர்ப்பில் குறிக்கவேண்டும். திகதியில் ஒரு நாள் வித்தியாசம் வந்தாலும் அரச தரப்பு லோயர் அதைத்தான் பிடிப்பார்.

உள்ளே இருப்பவருக்கு இங்கிருந்து அழைக்க முடியாது, அவர்தான் அழைப்பார். நியூயோர்க் நேரம் கோடையில் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், மாரியில் பத்தரை. அழைப்பு நடுச்சாமத்தில் வரும், சில நிமிடத்தில் அறுந்தும் போகும். அந்த நிமிடங்களில் கேட்கவேண்டியது மூன்று: ஏ நம்பர், முகாமின் பெயர், கையெழுத்து ஏதும் வைத்தாரா என்பது. தாளும் பேனாவும் போனுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.