கடைசி வரிசைக்கும் எட்டும் படங்கள்

பள்ளிகளுக்கான சுவர்ப்படங்களும் பாடநூல் படங்களும் வரைவதே என் தொழிலாக இருந்தது. பாடநூல் படத்தை மாணவர் கையருகே வைத்துப் பார்க்கலாம். சுவர்ப்படத்தையோ கடைசி வரிசையில் இருப்பவரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்தாக வேண்டும். ஆகவே நுணுக்கமான நிழல்களை விட்டுவிட்டு, தடித்த புறக்கோடு, தட்டையான வண்ணம், பெரிய எழுத்து ஆகியவற்றை நம்பியே வேலை செய்தேன். பாகங்களின் பெயர்களுக்கு இழுக்கும் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது என்பதால், ஓவியத்தைத் தொடங்குமுன் பெயர்களுக்குரிய இடத்தையே முதலில் ஒதுக்குவேன்.

என்னை மிகுதியாக யோசிக்க வைத்தது இதயப் படம். படத்திலிருப்பவர் நம்மை நோக்கி நிற்பதாகக் கொள்வதால் அவருடைய இடப்பக்கம் நமக்கு வலப்பக்கமாகிறது. இதைத் தெளிவாகக் குறிக்காவிட்டால் குழந்தை நான்கு அறைகளையும் இடம் மாற்றியே மனத்தில் பதித்துக்கொள்ளும். உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளும் இடது வெண்ட்ரிக்கிளின் (இதயத்தின் கீழ் அறையின்) சுவர் வலதைவிடத் தடித்தது. இரண்டையும் ஒரே கனத்தில் வரைந்தால் படம் சமச்சீராக, அழகாகக்கூடத் தெரியும். ஆனால் அந்த அறை செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

வண்ணம் இதைவிடக் கடினமானது. ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்துக்குச் சிவப்பு, குறைந்ததற்கு நீலம் என்பது மரபு. தமனி (இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்) என்றால் சிவப்பு, சிரை (இதயத்துக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் குழாய்) என்றால் நீலம் என்று மனப்பாடம் செய்த மாணவர், நீல நிற நுரையீரல் தமனியையும் சிவப்பு நிற நுரையீரல் சிரையையும் கண்டு திகைப்பார். மரபை மீறினால் பாடநூலோடு படம் முரண்படும் என்பதால் நான் மீறவில்லை. ஆனால் ஆக்சிஜன் குறைந்த இரத்தமும் கருஞ்சிவப்புதான், நீலம் அடையாளத்துக்கு மட்டுமே என்ற வரியை வண்ண விளக்கத்தில் சேர்க்கும்படி ஒவ்வொரு முறையும் வற்புறுத்தினேன்.

சூரியக் குடும்பப் படத்தில், உள்ளதை உள்ளபடி வரைய முடியாத இந்தச் சிக்கல் உச்சத்தை அடைகிறது. பூமியை 1 சென்டிமீட்டர் விட்டத்தில் வரைந்தால் சூரியனுக்கு ஒரு மீட்டருக்கு மேல் விட்டம் வேண்டும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 117 மீட்டர் தொலைவு விட வேண்டும். எந்தத் தாளிலும் அது அடங்காது. எனவே 'அளவுப்படி வரையப்படவில்லை' என்ற குறிப்பை, வழக்கம்போல் மூலையில் சிற்றெழுத்தில் போடாமல், கோள்களின் பெயர்களுக்கு இணையான அளவில் தலைப்பின் கீழேயே எழுதினேன். அந்த இடத்தில் இன்னொரு கோளின் துணைக்கோள்களை வரையலாமே என்று கேட்டவர்களிடமும் இதை நான் விட்டுக்கொடுக்கவில்லை.