மலைக்கு பிஸ்கட் வேண்டாம், ஆள் வேண்டும்

சிவனொளிபாத மலைக்கு நல்லதண்ணி வழியாக ஏறியவர்களுக்கு அந்தப் பாதை தெரியும். டிசம்பர் போயாவில், அதாவது முழுநிலா நாளில், தொடங்கி வெசாக் வரைக்கும் இரவிரவாக விளக்கு, கடை, இலவசமாகச் சாப்பாடு கொடுக்கும் தன்சல், சனம். அந்தப் படிகளில் ஓரிடத்தில் கொழும்பிலிருந்து போகும் நாங்கள் சிலபேர் சேர்ந்து சீசன் வார இறுதிகளில் ஒரு கொட்டில் நடத்துகிறோம். தறப்பாள் கூரை, சில வாங்குகள், காஸ் அடுப்பு, பிளேன்டீ, கொத்தமல்லித் தண்ணி. காசு வாங்குவதில்லை.

இதைச் சொன்னதும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருக்கிற சிநேகிதர்கள் கேட்பது, "தேயிலை வாங்கித் தரட்டா, பிஸ்கட் பெட்டி தரட்டா?" என்றுதான். தாருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்களுக்குத் தேயிலைக்கோ பிஸ்கட்டுக்கோ ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை. தட்டுப்பாடெல்லாம் முதுகுக்குத்தான்.

புறக்கோட்டையில் சாமான் வாங்கினால் சுமை தூக்கும் நாட்டாமை ஒருவர் வண்டியில் இழுத்து வந்து வானில் ஏற்றிவிடுவார், அதோடு வேலை முடிந்த மாதிரி இருக்கும். நல்லதண்ணியில் வான் நின்ற பிறகுதான் கணக்கே தொடங்கும். 2,243 மீட்டர் மலை, 5,000க்கும் மேற்பட்ட படிகள், வாகனம் எதுவும் போகாது. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் இரும்போடு சேர்த்தால் இரட்டிப்புப் பாரம் என்பதால் 5 கிலோ சின்னதைத்தான் தூக்குகிறோம். அதற்கே எங்களுக்கு நாக்குத் தள்ளும், பக்கத்தில் தோட்டத்துப் பொடியன் ஒருவன் கடைக்கு அரிசி மூட்டை சுமந்துகொண்டு சிரித்தபடி முந்திப் போவான்.

கோப்பை விஷயத்தில் எங்களுக்குள் பெரிய சண்டையே நடந்தது. கடதாசிக் கப் பாரமில்லை, கழுவவும் தேவையில்லை, ஆனால் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் லேசில் உக்காது, விடியும்போது பற்றைக்குள் எல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். எவர்சில்வர் என்றால் கழுவத் தண்ணீர் வேண்டும், தண்ணீரையும் யாராவது தூக்கி வரவேண்டும். கடைசியில் எவர்சில்வர்தான் வென்றது. போத்தல் கொண்டுவருகிறவர்களுக்கு அதற்குள்ளேயே ஊற்றிக் கொடுக்கிறோம். (தேநீர் பற்றி இன்னொன்று: உயரம் கூடக்கூடத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறையும், உச்சிக்குக் கிட்ட 93 பாகை போலத்தான். சாயம் இறங்கவில்லையே என்று தூளை அள்ளிப் போடாமல் மூடி வைத்துக் கொஞ்சம் பொறுத்தால் போதும். புதிதாக வருகிற எவரும் இதைக் கேட்பதில்லை.)

என்னைக் கேட்டால் கொட்டிலின் உண்மையான வேலை ஆட்களை மறித்து இருத்துவதுதான். எல்லாரும் ஏறுவது உச்சியில் சூரியோதயம் பார்க்க, ஆனால் சூரியன் வருவது ஆறு மணிக்குப் பிறகு. இரவு பத்துக்கே வெளிக்கிட்ட கூட்டம் இரண்டு, மூன்று மணிக்கெல்லாம் உச்சியில் நிற்கும், வியர்வையில் நனைந்த சட்டையோடு, அந்தக் காற்றில், மணிக்கணக்காக. சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களும் அப்படித்தான். "அன்ட்டி, விடிய இன்னும் நேரம் இருக்கு, சட்டையை மாத்திட்டு இருங்கோ, ஏறுற நேரம் வந்ததும் நாங்களே சொல்றோம்" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பார்கள். இளசுகள்தான் கேட்காது.

இறங்குகிறவர்களை யாரும் யோசிப்பதில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும், சரி, இறங்கும்போதுதான் முழங்கால் கழன்றுவிடும் போல நடுங்கும். காலை எட்டு, ஒன்பது மணிக்கு வெயிலும் ஏறிவிடும், அந்த நேரம் பார்த்துத்தான் தொண்டர்கள் எல்லாரும் வாங்கில் நீட்டி நிமிர்ந்து குறட்டை. இப்போது ஆளை இரண்டாகப் பிரித்துவிட்டோம், பாதிப்பேர் முன்னிரவில் தூங்கிவிட்டுக் காலையில் நிற்கவேண்டும்.

பதினோராம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன் இந்த மலைக்கு வரும் யாத்திரிகர்களின் சாப்பாட்டுக்கென்று கிலிமலை ஊரையே எழுதிவைத்தான். ஒருநாள் அன்னதானம் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. வருசக்கணக்கில் நடத்த என்ன வேண்டும் என்று விளங்கியிருக்கிறது. நமக்கு இன்னும் ஒருநாள் புண்ணியத்தில்தான் ஆசை.

குப்பைக்கு வருகிறேன். லன்ச் ஷீட், யோகட் கப், தண்ணீர்ப் போத்தல், அறுந்த செருப்பு. இதையெல்லாம் யூரியாப் பையில் கட்டி நாங்களேதான் கீழே இறக்குகிறோம். தேநீர் ஊற்ற வரிசையில் நிற்கிற கை இதற்கு நீளாது.

மார்ச் போயாவுக்கு ஆள் குறைவாக இருக்கிறது. வருகிறவர்கள் மழைக்கோட்டு, கையுறை, மாற்றுச் சட்டை கொண்டுவாருங்கள், இறங்கும்போது ஆளுக்கு ஒரு பை கட்டாயம். படம் எடுக்க மட்டும் வருகிறவர்களுக்கு வானில் இடமில்லை.