ஈராயிரம் ஆண்டுப் பல்லி

என் மனைவி அலுவல் கூட்டமொன்றில் அகப்பட்டுக்கொண்ட நாளில், மாமியாரை நேப்பிள்ஸ் விடுதியில் தனியே விட மனமில்லாமல் நானே ஊர் சுற்றிக் காட்ட அழைத்துச் சென்றேன். பொம்பெய்க்குப் போகும் ரயிலிலிருந்து சற்று முன்னதாகவே டோரே அனுன்சியாட்டாவில் இறங்கினால், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே, தெரு மட்டத்துக்கு வெகு கீழே, கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை புதைத்த ஒப்லோன்டிஸ் மாளிகை இருக்கிறது. நீரோ மன்னனின் மனைவி பொப்பேயாவுடையதாக இருக்கலாம் என்று கருதப்படும் அந்த மாளிகையைப் பற்றி முந்தைய இரவு முழுவதும் படித்திருந்த காரணத்தால், வழிகாட்டி எவரும் வேண்டாம் என்று வாசலிலேயே பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

முதல் கூடத்தில் நுழைந்ததும் அத்தை நேராக எதிரே தெரிந்த கதவை நோக்கி நடந்தார். தூண்களும் படிகளும் உட்பட அது முழுவதும் சுவரில் தீட்டிய ஓவியம் என்று நான் விளக்கியபோது, "இவ்வளவு பெரிய வீட்டில் உண்மைக் கதவு வைக்கவா காசில்லை, மாப்பிள்ளை?" என்று கேட்டார். பண்டைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸுக்கும் சுவரோவியர்கள்மீது எரிச்சல் உண்டு; தம் காலத்துப் புதுப் பாணியைக் கண்டு, தூணுக்குப் பதிலாகத் தீட்டிய நாணல் தண்டு கூரையைத் தாங்குமா என்று தம் நூலின் ஏழாம் பகுதியில் சீறுகிறார்.

மெல்லிய துணி மூடிய பழக்கூடை ஓவியத்தின் முன் எனக்கு உற்சாகம் பிறந்தது. துணியின் ஊடே பழங்கள் தெரியும்படி தீட்டிய அந்தக் கையை எத்தனை புகழ்ந்தாலும் தகும். பண்டைய கிரேக்க ஓவியர் ஸியூக்சிஸ் தீட்டிய திராட்சையைப் பறவைகள் கொத்த வந்ததையும், அவரோடு போட்டியிட்ட ஓவியர் பர்ஹாசியஸின் ஓவியத்தை மூடியிருந்த திரையை விலக்கச் சொன்ன அதே ஸியூக்சிஸ் அந்தத் திரையே ஓவியம் என்று அறிந்து தோல்வியை ஒப்புக்கொண்டதையும், அந்தக் கதையை எழுதிவைத்த ரோமானிய எழுத்தாளர் பிளினி இதே எரிமலை வெடிப்பின்போதுதான் இறந்தார் என்பதையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அத்தையோ, பக்கத்து அறைச் சுவரில் தாங்கியின் மேல் வைத்திருந்த கேக்கில் முட்டை சேர்த்திருப்பார்களா என்று மட்டும் கேட்டார்.

பணியாளர் பகுதியில் சுவரெங்கும் சாம்பல் நிறச் சாய்கோடுகள், வரிக்குதிரைத் தோலைப் போல. "மிச்சப் பெயின்ட்" என்றார் அத்தை. அதற்கு மறுப்புச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

ஏறத்தாழ 60 மீட்டர் நீளமுள்ள நீச்சல் குளத்தை ஒட்டிய சிற்றறைகளில்தான் என் வீழ்ச்சி நிகழ்ந்தது. மஞ்சள் நிறப் பின்னணியில் செடிகளும் பறவைகளும் நீரூற்றுகளும் தீட்டப்பட்ட அந்தச் சுவர்களில், இலை ஒன்றின் ஓரமாக ஒரு பல்லி தெரிந்தது. ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் நிறத்தை ஏற்றினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாக இறுகி, நிறத்தைத் தன்னுள் பூட்டிக்கொள்ளும் என்று விளக்கிவிட்டு, "அதனால்தான் அத்தை, ஈராயிரம் ஆண்டாகியும் இந்தப் பல்லியின் வால் நுனிகூட மங்கவில்லை, கழுத்துத் துடிப்பதைப் போலவே தீட்டியிருக்கிறான், பாருங்கள்" என்று அதன் மூக்கருகே விரலை நீட்டினேன்.

பல்லி ஓடிவிட்டது.

நான் போட்ட கூச்சலில் காவலர் ஒருவர் விரைந்து வந்து, ஓவியத்தைத் தொட்டுவிட்டேன் என்றெண்ணி இத்தாலிய மொழியில் நீண்ட நேரம் கண்டித்தார். சுவரில் ஓடியதைச் சைகையால் காட்ட நான் விரல்களை நெளித்ததைக் கண்டு அவருடைய கோபம் மேலும் கூடியது. அத்தை எதுவும் பேசவில்லை. பல்லி எந்தத் திசையில் ஓடியது, அதற்குப் பலன் என்ன என்று தமக்குள் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது வெளிவாசல் இரும்புக் கதவின் முன் நின்று, அதை விரலால் இருமுறை தட்டிப் பார்த்துவிட்டு, "இது திறக்கும்தானே, மாப்பிள்ளை?" என்றார்.