அல்சூர் மாமாவும் ஒரு மெட்டல் கச்சேரியும்

கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இடது காதுக்குள் இன்னும் ஒரு சில்வண்டு கத்திக்கொண்டிருக்கிறது. சனி இரவு பெங்களூரில் மெட்டல் கச்சேரி (கிடாரும் டிரம்ஸும் இடிக்கிற ராக் இசை), ஞாயிறு இரவு சேலம், இதோ திங்கள் காலை ஆபீஸ். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதித் தருகிறேன் என நண்பர்களிடம் சொல்லியிருந்தேன். வரிசை எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று பார்ப்போம். முதலில் அந்த பஸ்ஸையும் ஆட்டோவையும் திட்டி முடித்துவிடுகிறேன்.

சேலத்திலிருந்து பஸ் 450 ரூபாய், தனியார், ஏசி. சீட் சாயும் என்று போட்டிருந்தார்கள். சாய்ந்தது, நிமிரத்தான் இல்லை. தொப்பூர் தாண்டுவதற்குள் எனக்கு முன்னால் இருந்தவர் கிட்டத்தட்ட என் மடிக்கு வந்துவிட்டார். ஐந்து மணி நேரப் பயணம் ஓசூருக்கு அப்புறம் ஊர்ந்து ஊர்ந்து ஆறரை மணி நேரம் ஆனது. டிவியில் ஒரே படத்தை இரண்டு முறை ஓட்டினார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிளாக் சபாத் என்ற மெட்டல் குழுவின் பாட்டுகளில் ஒளிந்துகொண்டேன். 2025 ஜூலையில் அதன் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் போனதிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. ஜூலை 5 அன்று சொந்த ஊரான பர்மிங்காமில் கடைசிக் கச்சேரி, 22 அன்று மரணம். இப்படி ஒரு கணக்கை யார் போட்டுக்கொடுத்தார்களோ.

பெங்களூர் சில்க் போர்டில் இறங்கி அம்மாவிடம் போனில் பேசினேன். அதைக் கேட்டுவிட்டு ஓர் ஆட்டோக்காரர், ‘நம்ம ஊரா சார்? ஏறுங்க ஏறுங்க’ என்றார். பாசமெல்லாம் அதோடு சரி. மாமா வீடு இருக்கும் அல்சூருக்கு 450 என்றார். செயலியில் 190 காட்டியது, ஆனால் பத்து நிமிடமாக ஒரு வண்டியும் சிக்கவில்லை. பேரம் பேசி 300க்கு இறக்கினேன். இறங்கும்போது 500 நோட்டை நீட்டினால், சில்லறை இல்லை என்று 180 மட்டும் கைக்கு வந்தது. ஸ்கேன் பண்ணட்டுமா என்றால் ‘சர்வர் டவுன் சார்’ என்கிறார். அதே நேரம் அவருடைய போன் யாரோ பணம் போட்டதைச் சத்தமாக அறிவிக்கிறது. இருவரும் அது காதில் விழாத மாதிரி நின்றோம்.

இதைப் படித்துவிட்டுப் போகிறவர்கள் எலக்ட்ரானிக் சிட்டியிலேயே இறங்கிவிடுங்கள். 2025 ஆகஸ்டில் அங்கே மெட்ரோ மஞ்சள் தடம் வந்துவிட்டது. ஆர்.வி. ரோட்டில் ஒருமுறை, மெஜஸ்டிக்கில் ஒருமுறை மாறினால் ஹலசூர், அதாவது நம் அல்சூர். இதை எனக்குச் சொன்னது மாமா, ஆட்டோவுக்குக் காசு கொடுத்த பிறகு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வயது 71. நாற்பது வருஷத்துக்கு மேல் அல்சூரிலும் சுற்றுவட்டாரத்திலும் தவில் வாசித்தவர். இப்போது தோள்வலி, வாசிப்பதில்லை. என் மெட்டல் பைத்தியம் ஆரம்பித்ததும் அவர் வீட்டிலிருந்துதான்.

2007இல் நான் பாலிடெக்னிக் கடைசி வருஷம். அக்கா கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க மாமா வீட்டுக்கு வந்திருந்தேன். அதுவரைக்கும் எனக்கு இசை என்றால் டவுன் பஸ் ஸ்பீக்கரில் இளையராஜா. மாமா மகனின் நண்பனுக்குக் காய்ச்சல், ஒரு டிக்கெட் மீதம். ‘சும்மா வாடா’ என்று இழுத்துக்கொண்டு போனான். மார்ச் 17, பேலஸ் கிரவுண்ட்ஸ் மைதானம், இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் குழு. இந்தியாவில் அவர்களுடைய முதல் கச்சேரி அது என்பதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது கூட்டம், புழுதி, தண்ணீர் தாகம் மட்டும்.

அப்புறம் அந்தக் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிக்கும் பேஸ் கிடார் ஆரம்பித்தது. காதுக்கு வருவதற்கு முன்னால் அது விலா எலும்புக்கு வந்தது. குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடுவது போல ஒரு தாளம், மூன்று கிடார்கள் அதன் மேல் ஏறி உட்கார்ந்து போகின்றன. ஒரு வார்த்தை புரியவில்லை. பக்கத்தில் யாரென்றே தெரியாத ஒருவர் என் தோளில் கை போட்டுக் கத்திக்கொண்டிருந்தார், நானும் கத்தினேன். வீடு திரும்பும்போது மணி பன்னிரண்டு. மாமா வாசலில் நின்றார். ‘காது கிழியணும்னா நம்ம கோயில்லயே ஒத்து நாயனத்துப் பக்கத்துல உக்கார வெச்சிருப்பேனே, எதுக்குடா காசு குடுத்தீங்க?’

மறுநாள் மெஜஸ்டிக் நடைபாதையில் 40 ரூபாய்க்கு ஓர் எம்பி3 சிடி வாங்கினேன். அவ்வளவுதான், இன்று வரை விடவில்லை. 2011 அக்டோபர் 30இல் மெட்டாலிகா என்ற இன்னொரு பெரிய மெட்டல் குழு அதே மைதானத்துக்கு வந்தபோது வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம், லீவு கிடைக்கவில்லை. இரண்டு நாள் முன்னால் குர்காவ்ன் கச்சேரி ரத்தானதும், ‘இங்கேயும் ஆகும் பார்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆகவில்லை. மச்சான் மைதானத்திலிருந்து போனைத் தூக்கிப் பிடித்தான். எனக்குக் கேட்டது மிக்ஸி ஓடுகிற சத்தம். அந்த மிக்ஸியைப் பதினோரு நிமிடம் கேட்டேன்.

இந்த முறை பெரிய பெயர்கள் யாரும் இல்லை. இந்திராநகரில் ஒரு பப்பின் மாடி, நாலு உள்ளூர்க் குழுக்கள், டிக்கெட் 799. உள்ளூர்தானே என்று அலட்சியம் வேண்டாம். 1998இல் இதே ஊரில் ஆரம்பித்த கிரிப்டோஸ் குழு 2013இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் திருவிழா மேடை வரை போனது. மச்சான் இப்போது டப்ளினில். தனியாகத்தான் போகணும் என்றிருந்தேன். மத்தியானம் சாப்பிடும்போது மாமா எதற்கு வந்தாய் என்று விசாரித்தார். சொன்னேன். பேச்சுவாக்கில் டோனி அயோமி கதையும் வந்துவிட்டது.

அயோமி பிளாக் சபாத்தின் கிடார்காரர். பதினேழு வயதில் பர்மிங்காமில் ஒரு தகரத் தொழிற்சாலையில் வேலை. அன்றுதான் அங்கே கடைசி நாள். மெஷினில் வலது கை நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. இடதுகைப் பழக்கம் என்பதால் தந்தியை அழுத்த வேண்டியதே அந்த விரல்கள்தான். பாத்திரம் கழுவும் திரவ பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். அழுத்த வலிக்கிறதென்று மெல்லிய தந்தி போட்டார், பிறகு ஸ்ருதியையும் இறக்கினார். இன்று மெட்டல் என்றாலே காதில் விழுகிற அந்தக் கனத்த இருட்டுச் சத்தத்தில் பாதி அந்த விரல்களிலிருந்து வந்தது. அவர்களின் முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை.

மாமா சாதத்தைப் பிசைவதை நிறுத்திவிட்டார். கை கழுவிக்கொண்டு உள்ளே போய் ஒரு பழைய பல்பொடி டப்பாவோடு வந்தார். அதற்குள் அவருடைய கூடுகள். தவில்காரர்கள் வலது பக்கமான வலந்தலையில் வாசிக்கும் விரல்களுக்கு மாட்டுவார்களே, துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்தது. பழுப்பேறி, நுனி மட்டும் வழவழவென்று, தட்டினால் மரக்கட்டை மாதிரி டொக்கென்றது. கட்டைவிரல் கூடு ஒன்றில் ஓரம் விண்டிருந்தது. ‘அவனும் கூடு போட்டுத்தான் வாசிச்சானா?’ என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், ‘ராத்திரி எத்தனை மணிக்கு மாப்ள?’

அத்தை என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. இன்னொரு 799 என் பட்ஜெட்டில் கிடையாது என்பதையும் அத்தையிடம் சொல்ல முடியாது.

ஹலசூரிலிருந்து இந்திராநகர் அடுத்த ஸ்டேஷன், பத்து ரூபாய். வாசலில் நின்ற தடியான தம்பி, வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக வந்த மாமாவைப் பார்த்து, ‘சார், மேலே மெட்டல் ஷோ’ என்றார். ‘தெரியும்ப்பா, அதுக்குத்தான் வந்தோம்’ என்று மாமா கையை நீட்ட, முத்திரை குத்தி உள்ளே விட்டார்கள். உள்ளே தண்ணீர் பாட்டில் 150, லைம் சோடா 240. குடிக்கிற தண்ணீருக்கு 150! கச்சேரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இதை நான் மன்னிக்கப் போவதில்லை.

முதல் இரண்டு குழுக்கள் சுமார். ஒலி அமைப்பு சரியில்லை, பாடகர் வாயசைப்பது மட்டும் தெரிந்தது. மாமா சுவரோரம் நின்று பிள்ளைகள் ஆள்காட்டி விரலையும் சுண்டுவிரலையும் தூக்கிக் காட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘இது சிம்மமுக முத்திரை மாதிரி இல்ல இருக்கு?’ ரானி ஜேம்ஸ் டியோ என்ற பாடகர் பிளாக் சபாத்தில் சேர்ந்த பிறகு பிரபலமாக்கியது, அவருடைய இத்தாலியப் பாட்டி திருஷ்டிக்காகக் காட்டுவது என்று அவரே சொன்னது என்றேன். ‘அப்ப நூத்தம்பது பேரு சேர்ந்து திருஷ்டி கழிக்கிறாங்க’ என்றார்.

மூன்றாவது குழுவில்தான் ஆள் மாறினார். டிரம்ஸ் பையன் ஒல்லி, இருபத்திரண்டு இருக்கலாம். ஒரே பெரிய டிரம்முக்கு இரண்டு பெடல், இரண்டு காலும் ஓடுகிறது. மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையோரம் போய்விட்டார். நடுவில் பிள்ளைகள் ஒருவரையொருவர் முட்டித் தள்ளிக்கொண்டிருந்த சுழலைச் சுற்றிக்கொண்டு நான் பயந்துபோய்ப் பின்னால் ஓடினேன். அங்கே ஒருவன் வழுக்கி விழுந்தான், அடுத்த நொடி நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். பச்சை குத்திய ஒரு பெண் மாமாவைச் சுற்றி இரண்டு கையையும் அகட்டி நின்றுகொண்டது, பாட்டு முடியும் வரை நகரவில்லை.

மாமாவின் கண் அந்தப் பையனின் பாதத்திலேயே இருந்தது. தொடையில் விரல் ஓடியது. என் காதில் கத்தினார்: ‘தா கிட தா கிட! சதுஸ்ரம்டா, நாலு நாலா வர்ற கணக்கு! எதுக்கு இவ்ளோ மூஞ்சியக் கோணறான்?’ அதே பாய்ச்சல் தாளம்தான். பதினெட்டு வருஷமாக என் விலா எலும்பில் இருந்ததற்கு அவர் ஒரு நொடியில் சொல்கட்டு சொல்லிவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது. அந்தக் கூத்தில் நான் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது.

கச்சேரி முடிந்து பையனைப் பிடித்தார். கம்மனஹள்ளிப் பையன், தமிழ். விரல்களில் பிளாஸ்திரி, ஒன்று கழன்று தொங்கியது. மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு கூட்டை எடுத்தார், கொண்டுவந்திருக்கிறார்! பையன் ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு மேஜையில் தட்டிப் பார்த்து, ‘அங்கிள், இது வேற லெவல் சத்தம்’ என்றான். அயர்ன் மெய்டனில் டிரம்ஸ் வாசித்த நிக்கோ மெக்பிரைன் ஒற்றைப் பெடலில், வெறுங்காலில் வாசித்தவர் என்று பையன் சொல்ல, ‘அவர் ஆளு’ என்று மாமா தீர்ப்பளித்தார். இருவரும் மணிக்கட்டு, தோள் வலி, தைலம் என்று போய்விட்டார்கள். நான் லைம் சோடா பில்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாவது குழு வாசித்தது எனக்கு ஒன்றுமே நினைவில்லை.

ஞாயிறு மத்தியானம் அல்சூர் சந்து ஒன்றில் மிலிட்டரி ஹோட்டல். தொன்னையில் பிரியாணி, சீரக சம்பா, புதினாப் பச்சை, எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்த கறி விரல் பட்டதும் விழுந்தது. 220 ரூபாய். மொத்தப் பயணத்தில் விலை நியாயம் என்று நான் மனதார ஒப்புக்கொண்ட ஒரே இடம். போகிறவர்கள் ஒரு மணிக்கு முன்னால் போங்கள், தீர்ந்துவிடுகிறது.

மொத்தம் 3,688 ரூபாய். போட்ட பட்ஜெட் 3,000. மெட்ரோவில் வந்திருந்தால், மாமா வராமலிருந்தால் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அத்தை போன். நேற்று ராத்திரியிலிருந்து மாமா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு குதிகாலாலும் தரையைத் தட்டிக்கொண்டிருக்கிறாராம். கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, என்ன மெஷின் வாங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனாராம்.